வேலை மாறுவோர்க்கு நூலகம் ஒரு துணை

சென்ற மலர்களில் திருமுறைகளைப் பற்றியும் ஆலய வழிபாட்டு முறைகளைப் பற்றியும் எழுதியிருந்தேன். இம்முறை பொது நூலகத்தைப் பற்றி எழுத விழைகிறேன். ஆலய மலரில் நூலகத்துக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்து பிரசாதம் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது, நிர்வாகக் குழுவினரைச் சற்று ஓரமாக அழைத்துப் பேசும் அன்பர்கள் உண்டு. முன்பெல்லாம் பிள்ளைக்கு வரன், வீட்டில் ஹோமம், காதுகுத்துக்கு நாள் என்று கேட்பார்கள். இப்போது அடிக்கடி கேட்கும் வார்த்தை வேறு. "ஐயா, எங்கேயாவது ஒரு வேலை இருந்தால் சொல்லுங்கள்." கேட்பவர்கள் இளையவர்கள் அல்லர். நாற்பதையும் ஐம்பதையும் கடந்தவர்கள். நிறுவனம் வெளிநாட்டுக்குப் போய்விட்டது, புது இயந்திரம் வந்துவிட்டது, கணக்குப் பிரிவை மூடிவிட்டார்கள் என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள்.

எங்களுக்குத் தெரிந்த முதலாளிகள் இரண்டு மூன்று பேர். பெரும்பாலும் காவல் பணிக்கோ கிடங்குப் பணிக்கோ பரிந்துரை செய்வோம். அதற்குமேல் எங்களால் ஒன்றும் செய்ய இயலாது என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். 2022-ஆம் ஆண்டு எனக்குக் கிடைத்த ஓர் அனுபவம் அந்த எண்ணத்தை மாற்றியது. சம்பந்தப்பட்ட அன்பரின் அனுமதியோடு, அவர் பெயரைக் குறிப்பிடாமல், அதனை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நாளிதழ்ப் பகுதியில் ஒரு பழைய மாணவர்

அந்த ஆண்டு ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பேரப்பிள்ளைக்கு எடுத்த கதைப் புத்தகங்களைத் திருப்பித் தர எங்கள் வட்டார நூலகத்துக்குப் போயிருந்தேன். நாளிதழ் படிக்கும் இடத்தில் ஒருவர் எழுந்து, "வணக்கம் சார்" என்றார். சலவைச் சட்டை, தோள்பை, பக்கத்தில் மதிய உணவுப் பாத்திரம். என்னிடம் 1991-ஆம் ஆண்டு உயர்நிலை இரண்டில் தமிழ் படித்தவர். நம் ஆலயத்தில் தைப்பூசத்தின்போது தண்ணீர்ப் பந்தலில் தொண்டு செய்பவர். அப்போது அவருக்கு வயது 45.

"இன்றைக்கு விடுப்பாப்பா?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார். 23 ஆண்டுகள் வேலை பார்த்த அச்சகத்தில் ஆட்குறைப்பு. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மனைவி கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டோடு காலை ஏழரைக்கு வழக்கம்போலக் கிளம்புகிறார். நூலகம் திறக்கும்வரை ஏதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருப்பார். திறந்ததும் இங்கே வந்துவிடுவார். மூன்று வாரமாக இப்படி.

பையிலிருந்து ஒரு விளம்பரத் தாளை எடுத்துக் காட்டினார். தனியார் பயிற்சி நிலையம் ஒன்றில் இணைய வணிக விளம்பரம் பற்றிய படிப்பு. கட்டணம் 3,800 வெள்ளி. படித்து முடித்தால் வேலை கிடைப்பது உறுதி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அடுத்த திங்கட்கிழமைக்குள் பணம் கட்டவேண்டும். ஆட்குறைப்புத் தொகையிலிருந்து கட்டப்போவதாகச் சொன்னார்.

"இந்த வேலை உனக்குப் பிடிக்குமா?"

"தெரியல சார். எல்லாரும் இப்ப இதைத்தான் படிக்கிறாங்கன்னு சொன்னாங்க."

"மூன்று வாரமாக இங்கே வருகிறாயே, இதைப்பற்றி ஒரு புத்தகமாவது எடுத்துப் பார்த்தாயா?"

அவர் சிரித்தார். "நீங்கதானே சார் சொன்னீங்க, உனக்கும் புத்தகத்துக்கும் ஒத்துவராது, கைவேலைக்குப் போன்னு. அதனால அலமாரிப் பக்கமே போறதில்ல."

அந்தச் சொல்லை நான் மறந்தே போயிருந்தேன். கட்டுரை நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது ஏதோ எரிச்சலில் சொல்லியிருப்பேன். அவரோ அதை 31 ஆண்டுகள் சுமந்திருக்கிறார். ஓர் ஆசிரியர் ஓய்வுபெற்றாலும் அவர் சொன்ன சொல் ஓய்வுபெறுவதில்லை என்பதை அன்று அறிந்தேன். "நான் சொன்னது தவறப்பா. எழுந்திரு, என்னோடு வா" என்றேன்.

நூலகத்தில் ஒரு புத்தகத்தை 21 நாள் வைத்திருக்கலாம். அந்த 21 நாளும் எங்கும் பணம் கட்டுவதில்லை என்று அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன். அன்றிரவே வீட்டில் உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்பது இரண்டாவது நிபந்தனை. முதலாவதை உடனே ஏற்றார். இரண்டாவதற்கு நான்கு நாள் ஆயிற்று.

சீர்காழி தந்த நூலகர்

அலமாரிகளுக்குள் போகுமுன் ஒரு பெரியவரை நினைவுகூர்வது பொருத்தம். திருஞானசம்பந்தப் பெருமான் அவதரித்த சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்தவர் எஸ்.ஆர். இரங்கநாதன். இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்படுபவர். அவர் முதலில் நூலகரே அல்லர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர். 1924-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார்.

புது வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. மாணவர் கூட்டத்தோடு பழகியவருக்கு நூலகத்தின் தனிமை தாங்கமுடியவில்லை. சில நாள்களிலேயே கல்லூரிக்குத் திரும்பிவிடத் துடித்தார். லண்டன் சென்று நூலகக் கல்வி பயின்று வரட்டும், அதன்பிறகும் பிடிக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. போனார். அங்கே பாடம் படித்ததோடு, நூறுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் சென்று பார்த்தார். 1925-இல் திரும்பியபோது, கல்லூரிக்குப் போகவேண்டும் என்ற எண்ணமே அவரிடம் இல்லை. 1931-இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகள் இன்றும் உலகெங்கும் நூலகத்துறை மாணவர்களுக்குப் பாடமாக உள்ளன.

அவற்றுள் நம் பேச்சுக்கு வேண்டியவை இரண்டு. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் எங்கோ இருக்கிறது என்பது ஒன்று. வாசகரின் நேரத்தை நூலகம் வீணாக்கலாகாது என்பது மற்றொன்று. வேலை இழந்தவருக்கு இவ்விரண்டும் எவ்வளவு ஆறுதலான கருத்துகள் என்று எண்ணிப் பாருங்கள். வேலை மாறி, மனம் சோர்ந்து, கற்றுத் தெளிந்த ஒருவரின் அனுபவத்திலிருந்து பிறந்தவை அவை.

முதல் வாரம்: எண்ணை அறிந்து அலமாரியை அடைதல்

நம் பொது நூலகங்களில் கதை அல்லாத நூல்கள் டியூவி என்னும் எண் முறைப்படி அடுக்கப்படுகின்றன. 1876-இல் அமெரிக்காவில் வெளியான முறை இது. உலக அறிவையெல்லாம் 000 முதல் 999 வரை பத்துப் பெரும் பிரிவுகளாகப் பகுத்திருக்கிறார்கள். புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணே அதன் முகவரி.

வேலை தேடுவோர் பலரும் செய்யும் பிழை, வேலை மாற்றம் என்று தலைப்பிட்ட புத்தகத்தை மட்டும் தேடுவது. அவை 331.702, 650.14 ஆகிய எண்களில் இருக்கும். முன்னது எந்தத் தொழிலைத் தேர்ந்தெடுப்பது என்பது பற்றியது. பின்னது விண்ணப்பம், தன்விவரக் குறிப்பு, நேர்முகத் தேர்வு பற்றியது. இவற்றில் ஒன்றிரண்டைப் படித்தால் போதும். ஊக்கமூட்டும் நூல்களாகவே பத்துப் படித்தால் ஊக்கம்தான் வளரும், வேலை வளராது.

அதன்பின் அந்தந்தத் தொழிலின் அலமாரிக்கே போகவேண்டும். கணக்கியல் 657. சமையற்கலை 641.5. கணினி நிரல் எழுதுதல் 005. பாலர் கல்வி 372.21. தாதிமை 610.73. இணைய வணிகம் 658.872. அங்கே பாடநூல்கள் இருக்கும். அறிமுகப் பாடநூல் ஒன்றை எடுத்து முதல் மூன்று பாடங்களைப் படிக்கவேண்டும். புரியாத இடம் வருவது இயல்பு. புரியாதபோதும் மேலே படிக்கத் தோன்றுகிறதா என்பதே சோதனை.

நம் அன்பர் 658.872-இல் இரண்டு புத்தகங்கள் எடுத்துப் போனார். ஐந்தாம் நாள் திரும்பி வந்தார். "சார், மூணாவது பாடம் தாண்டல. தூக்கம் வருது. இது எனக்கு இல்ல" என்றார். அவர் முகத்தில் வெட்கம் தெரிந்தது. நானோ மகிழ்ந்தேன். 3,800 வெள்ளி கட்டிய பிறகு வந்திருக்கவேண்டிய அறிவு அது. ஒரு காசு செலவின்றி ஐந்தே நாளில் வந்துவிட்டது.

நூலகரிடம் கேட்பது பிச்சை அன்று

அடுத்து என்ன என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. நான் என் பங்குக்கு ஒரு தவறு செய்தேன். வீட்டுப் பரணிலிருந்து தொழில் வழிகாட்டி ஒன்றை எடுத்துவந்து அவரிடம் கொடுத்தேன். அவர் அச்சகத்துக்காரர் அல்லவா? அட்டையைப் பார்க்குமுன் பதிப்புப் பக்கத்தைப் பார்த்தார். "சார், இது 1986." அதில் சிறப்பாகச் சொல்லப்பட்ட தொழில்களில் தட்டெழுத்தாளரும் ஒருவர்!

அன்பர்கள் இதை நினைவில் கொள்ளுங்கள். திருமுறைக்குப் பழமை பெருமை. தொழில் வழிகாட்டிக்குப் பழமை ஊறு. வேலை, கணினி, மருத்துவம், சட்டம் ஆகியவை பற்றிய நூல்களில் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் இருக்கும் ஆண்டை முதலில் பார்க்கவேண்டும். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முற்பட்டதென்றால், அதில் உள்ள சம்பளம், தேர்வு, உரிமம் பற்றிய செய்திகளை வேறோர் இடத்தில் சரிபார்க்காமல் நம்பக்கூடாது.

பிறகுதான் நூலகரிடம் போனோம். அதற்கே அவர் தயங்கினார். வேலை இல்லை என்பதை ஒரு சின்னப் பெண்ணிடம் சொல்லவேண்டுமே என்ற கூச்சம். கோயிலில் அர்ச்சகரிடம் நட்சத்திரம் சொல்லக் கூசுகிறோமா? நூலகரிடம் தேவையைச் சொல்வதும் அப்படித்தான். அது அவர் பயிற்சி பெற்ற பணி. நூலகர் இளம் சீனப் பெண்மணி. என்ன வேலை வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. இதுவரை என்னென்ன செய்திருக்கிறீர்கள், வேலையிலும் வீட்டிலும் மற்றவர்கள் எதற்காக உங்களைத் தேடி வருவார்கள் என்று பொறுமையாகக் கேட்டார்.

அச்சகத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார் அன்பர். இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே கோளாற்றைக் கண்டுபிடிப்பது, புதிதாக வருவோருக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் வந்தன. பிறகு, கேட்டதற்காகச் சொல்கிறேன் என்பதுபோல ஒன்றைச் சொன்னார். அவருடைய தாயார் பக்கவாதத்தால் ஆறு ஆண்டுகள் படுக்கையில் இருந்தவர். அம்மாவைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது, கை கால்களுக்குப் பயிற்சி கொடுப்பது, பிடிவாதம் பிடிக்கும்போது பேசிச் சிரிக்கவைத்து நடக்கவைப்பது எல்லாம் இவர்தான். அக்கம்பக்கத்தில் யாருக்காவது பக்கவாதம் என்றால் இவரைத்தான் கூப்பிடுவார்களாம்.

நூலகர் எழுந்து எங்களை 616.81-க்கு அழைத்துப் போனார். பக்கவாதம் பற்றிய நூல்கள். அங்கிருந்து 615.82. பிசியோதெரபி. அங்கிருந்து 362.6. முதியோர் பராமரிப்பு. நான்கு புத்தகங்களோடு அன்பர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூட்டுகளின் படத்தைக் காட்டி, "சார், அம்மாவுக்கு இந்த இடத்துலதான் பிடிச்சுக்கும். ஏன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். மூன்றாம் பாடத்தில் தூங்கியவர் அன்று மூடும் நேரம்வரை படித்தார்.

புத்தகம் அவருக்கு ஒத்துவராது என்று நான் சொன்னது எவ்வளவு பெரிய பிழை என்பதை அந்தத் தரையில் கண்டேன். அவருக்கு உரிய புத்தகம் அதுவரை அவர் கைக்கு வரவில்லை. அதைத் தேடிக் கொடுக்க வேண்டியவன் ஆசிரியனாகிய நான்.

இரண்டாம் வாரம்: வீட்டிலிருந்தே நூலகம்

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது நூலக உறுப்பியம் இலவசம். சிங்பாஸ் வழியாகவே பதிந்துகொள்ளலாம். அதைக்கொண்டு தேசிய நூலக வாரியத்தின் மின்வளங்களை வீட்டிலிருந்தே பயன்படுத்தலாம். லிபி என்னும் செயலியில் மின்னூல்களும் ஒலிநூல்களும் இரவல் கிடைக்கும். பிரஸ்ரீடரில் பல நாட்டு நாளிதழ்களும் சஞ்சிகைகளும் உண்டு. இணையவழிப் படிப்புகளுக்கான சேவைகளும் அவ்வப்போது சேர்க்கப்படுகின்றன. அவை மாறக்கூடியவை. ஆகவே எவை இப்போது உள்ளன என்று நூலகரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கட்டணப் படிப்பில் சேருமுன் அதே பாடம் இங்கே இலவசமாக இருக்கிறதா என்று பார்த்துவிடவேண்டும்.

நாளிதழ்களை வேலை விளம்பரத்துக்காக மட்டும் படிப்பது வீண். நாம் போக விரும்பும் துறையைப் பற்றிச் சில ஆண்டுகளாக வந்த செய்திகளைச் சேர்த்துப் படிக்கவேண்டும். எங்கே புதிய இல்லங்கள் திறக்கிறார்கள், எங்கே ஆள்கள் குறைகிறார்கள், இரவு வேலை உண்டா என்பதெல்லாம் அப்போது தெரியவரும். வரலாற்றை அறிய விரும்புவோர்க்கு நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் 19-ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூர் இதழ்கள் தொட்டு இருக்கின்றன. 1935-இல் தொடங்கப்பட்ட நம் தமிழ் முரசின் பழைய இதழ்களையும் அங்கே காணலாம்.

சிங்கப்பூரில் வேலை மாறுவோர் அவசியம் பார்க்கவேண்டிய இன்னொன்று, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் அமைப்பு துறைவாரியாக வெளியிட்டுள்ள திறன் கட்டமைப்பு ஆவணங்கள். ஒரு துறையில் என்னென்ன பணிகள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் என்ன திறன் வேண்டும், ஒரு பணியிலிருந்து எந்தப் பணிக்கு உயரலாம் என்று அவற்றில் விளக்கியிருக்கிறார்கள். சுகாதாரத் துறைக்கும் உண்டு. நாங்கள் அதை நூலகக் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு, அன்பருக்கு ஏற்கெனவே தெரிந்தவற்றுக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டுக்கொண்டே வந்தோம். தெரப்பி உதவியாளர் பணிக்குரிய பக்கத்தில் அவர் நினைத்ததைவிட அதிகமான குறிகள் விழுந்தன. "இதெல்லாம் ஒரு திறமைன்னு யாரும் எனக்குச் சொன்னதில்ல சார்" என்றார்.

பெரிய ஆய்வுகளுக்கு விக்டோரியா ஸ்திரீட்டில் 2005-இல் திறக்கப்பட்ட தேசிய நூலகக் கட்டடம் இருக்கிறது. அங்கே 7-ஆம் மாடியிலிருந்து மேலே உள்ள லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தின் நூல்களை வெளியே எடுத்துச் செல்ல முடியாது. அங்கேயே அமர்ந்து படிக்கலாம். என் தலைமுறைக்கு நூலகம் என்றால் ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் 2004 வரை இருந்த செங்கல் கட்டடம்தான் நினைவுக்கு வரும். இப்போது எல்லாரும் நகருக்குள் போகத் தேவையில்லை. 1994-இல் தெம்பனிஸில் முதல் வட்டார நூலகம் திறக்கப்பட்டது. உட்லண்ட்ஸ், ஜூரோங் ஆகியவை தொடர்ந்தன. 2023-இல் பொங்கோலும் சேர்ந்துகொண்டது. கடைத்தொகுதிகளுக்குள்ளேயே நூலகங்கள் உள்ளன.

மூன்றாம் வாரம்: எழுதுதல், கேட்டல், பிறகே கட்டுதல்

படித்தது போதும் என்று தோன்றும்போது எழுதத் தொடங்கவேண்டும். நான் அன்பரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து மூன்று தலைப்புகள் எழுதச் சொன்னேன். எனக்குத் தெரிந்தவை, கற்கவேண்டியவை, யாரிடமாவது கேட்கவேண்டியவை. மூன்றாவது பட்டியலே மிக முக்கியம். புத்தகம் எல்லாவற்றையும் சொல்லாது. கேட்கவேண்டிய கேள்வியை அது நமக்குக் கொடுக்கும். கேள்வியோடு போகிறவரை எந்த அலுவலகத்திலும் மதிப்பார்கள்.

அந்தக் கேள்விகளோடு சிங்கப்பூர் ஊழியரணி அமைப்பின் வேலை ஆலோசகரைச் சந்தித்தார். தொழிற்சங்கக் காங்கிரசின் இ2ஐ நிலையத்திலும், நம் சமூகத்தவருக்கு 1991 முதல் தொண்டாற்றிவரும் சிண்டாவிலும்கூட வழிகாட்டுதல் கேட்கலாம். தாதிமை இல்லத்தில் வேலை செய்யும் ஒருவரோடு நம் ஆலயத்திலேயே பேசினார். அவர் சொன்ன ஒன்று எந்தப் புத்தகத்திலும் இல்லை: "முதுகு பத்திரம்."

கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 25 வயதான குடிமக்களுக்கு 2016 முதல் 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை வழங்கப்படுகிறது. 2024 மே மாதம், 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தேர்ந்தெடுத்த படிப்புகளுக்காக 4,000 வெள்ளி கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. இத்தொகைக்கு உரிய படிப்பா என்று அரசாங்கத் தளத்தில் சரிபார்த்த பிறகே எங்கும் கையெழுத்திட வேண்டும். திங்கட்கிழமைக்குள் கட்டு என்று அவசரப்படுத்துகிறவர்களிடம், 21 நாள் கழித்து வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் சொல்லும் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

பின்னர் நடந்தது

கதைகளில் வருவதுபோல எல்லாம் உடனே கூடிவிடவில்லை. அன்பர் அனுப்பிய முதல் ஏழு விண்ணப்பங்களில் ஐந்துக்குப் பதிலே இல்லை. இரண்டு இடத்தில் வேண்டாம் என்றார்கள். ஒரு மாதம் மளிகைக் கடையில் பகுதிநேர வேலை பார்த்தார். அவருடைய மனைவிதான் உறுதியாக நின்றார். "வேலை போனதுக்கு எனக்குக் கோபம் இல்ல சார். மூணு வாரம் என்கிட்ட மறைச்சதுக்குத்தான் கோபம்" என்று என்னிடமே சொன்னார்.

2022-ஆம் ஆண்டு விஜயதசமி வந்தது. சரசுவதி பூசையன்று வழிபாட்டில் வைத்த புத்தகங்களை மறுநாள் எடுத்துப் படிக்கும் நாள். சின்னஞ்சிறு பிள்ளைகள் தட்டில் பரப்பிய அரிசியில் எழுத வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையின் பின்னால் இவர் தன் நோட்டுப் புத்தகத்தோடு நின்றார். ஒரு தாதிமை இல்லத்தில் உதவியாளராகச் சேர அழைப்பு வந்திருந்தது. வேலை பார்த்துக்கொண்டே பயிற்சியும் பெறலாம். தொடக்கச் சம்பளம் அச்சகத்தில் வாங்கியதைவிடக் குறைவு. அதற்கேற்ப வீட்டுச் செலவைக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தார்கள்.

இன்று அவர் அங்கே தெரப்பி உதவியாளர். நடக்க மறுக்கும் பாட்டிமாரை நடக்கவைப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர். மாதம் இருமுறை நூலகத்துக்குப் போகிறார். இப்போது 615.82 எங்கே என்று அவர் எனக்குக் காட்டுவார்.

அன்பர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம்

இந்த மலரைப் படிக்கும் உங்களில் பலர் நம் அறநிதிக்கு மனமுவந்து வாரி வழங்குபவர்கள். அன்னதானத்துக்கும் மாணவர் உபகாரத்துக்கும் நீங்கள் தரும் ஒவ்வொரு வெள்ளிக்கும் கணக்கு உண்டு, நன்றியும் உண்டு. இங்கே நான் வேண்டுவது பணம் அன்று. பழைய புத்தகங்களும் அல்ல. ஆலய வாசலில் பெட்டி பெட்டியாக வைத்துவிட்டுப் போகும் பழைய பாடநூல்களை என்ன செய்வதென்று எங்களுக்கே தெரியவில்லை. 1986-ஆம் ஆண்டு வழிகாட்டியை நானும் கொடுத்தவன்தான். ஆகவே உரிமையோடு சொல்கிறேன்.

வேண்டுவது மாதத்தில் இரண்டு மணி நேரம். கணக்காளராக, தாதியாக, மின்னியல் வல்லுநராக, சமையற்காரராக, பேருந்து ஓட்டுநராக வாழ்நாளெல்லாம் உழைத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வேலை மாற நினைக்கும் ஒருவரோடு நூலகத்துக்குப் போங்கள். உங்கள் துறையின் அலமாரி முன்னால் நின்று, எந்த நூல் நல்லது, எது பழையது, வேலையில் உண்மையான சிரமம் எது என்று சொல்லுங்கள். தனியாகப் போகிறவர் நாளிதழ்ப் பகுதியோடு நின்றுவிடுகிறார். துணையோடு போகிறவர் அலமாரி வரை போகிறார். இந்த அன்பரிடமிருந்து நான் கற்றது இதுதான்.

வேலை இழந்திருக்கும் அன்பர்களுக்கும் ஒரு சொல். வெள்ளிக்கிழமை பூசைக்குப் பின் என்னையோ குழுவினர் எவரையுமோ தயங்காமல் அழையுங்கள். எங்களிடம் வேலை இல்லாமல் இருக்கலாம். உங்களோடு வரக் கால் இருக்கிறது. முதலில் வீட்டில் சொல்லுங்கள். பிறகு நூலகருக்குச் சொல்லுங்கள். பணம் கட்டுவது அதற்கும் பிறகு.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்களுக்கு என் தாழ்மையான வேண்டுகோள் ஒன்று உண்டு. எந்தப் பிள்ளையிடமும் புத்தகம் உனக்கு ஒத்துவராது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கலைமகளின் திருவருளால் எல்லார்க்கும் உரிய நூலும் உரிய தொழிலும் கைகூடுவதாக.